பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைக்கு எந்தக் காலேஜ்?
(மைசூர் அக்ரஹாரத்தில் ஆற்றிய உரை)

"பையன் மிலிட்டரிக்குப் போகணும்கிறான், எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி.யில் தேறாவிட்டால் அவன் கையில் என்ன படிப்பு இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனை 'அமரன்' படம் பார்த்தவர்கள் அறிவார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பி.காம்., தாம்பரத்தில் இதழியல் டிப்ளமா, அப்புறம்தான் சென்னை ஓ.டி.ஏ. 2006-ல் அதிகாரியானார்.

ஆக, சி.டி.எஸ். வழியாகத் தரைப்படைக்கு எந்த டிகிரியும் போதும். கடற்படைக்கு பி.இ. வேண்டும். விமானப்படைக்கு பி.இ., இல்லையேல் பி.யூ.சி.யில் பிசிக்ஸும் கணக்கும் படித்த பட்டதாரி. எனவே பி.யூ.சி.யில் கணக்கை விட்டால் பாதிக் கதவு சாத்திவிடும். இதைக் காலேஜ் வாசலில் யோசித்துப் பயனில்லை.

காலேஜின் பெயரைவிட அங்கே என்.சி.சி. உண்டா என்று பாருங்கள். 'சி' சர்டிபிகேட்டில் 'பி' கிரேடும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால், தரைப்படை ஷார்ட் சர்வீஸ் என்.சி.சி. நுழைவுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது.

மாமிகளே, பேத்தியையும் கேளுங்கள். கடக்வாஸ்லா என்.டி.ஏ.வில் 2022-ல் சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் தேறி வந்துவிட்டார்கள்.