எண்ணெய் முத்திரை

வட அயர்லாந்தின் கிராமங்களில் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிற்கும். தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய்! அதை எரித்து, பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியே அறை அறையாக ஓடவிட்டு வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறார்கள். அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகள் குளிர்காலத்தைக் கடப்பது இந்த எண்ணெயால்தான்.

எண்ணெய் லாரி வீட்டுக்கு வர வேண்டுமென்றால், பெரும்பாலும் சில நூறு லிட்டராவது வாங்க வேண்டும். மொத்தமாகப் பணம் புரளாதவர் 20 லிட்டர் கேனாக வாங்குவார். லிட்டர் கணக்குப் பார்த்தால் அதுதான் அதிக விலை! இல்லாதவன் தலையில்தானே எப்போதும் கூடுதல் சுமை ஏறுகிறது?

உள்ளாட்சி மன்றங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. கடையில் 5 பவுண்டு கொடுத்து ஒரு முத்திரை வாங்கி, அட்டையில் ஒட்டிக்கொண்டே வரலாம். எண்ணெய் வாங்கும்போது அட்டையைக் கொடுத்தால், அந்தத் தொகையைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். நம் மண் உண்டியல் மாதிரிதான். ஆனால் அவசரத்துக்கு உடைத்து சினிமாவுக்குப் போக முடியாது.

சில ஊர்களில் அண்டை வீட்டார் ஒன்றுசேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுத்து, விலையைப் பேசிக் குறைக்கிறார்கள். லாரிக்கும் ஒரே நடை.

வேலைக்காக அந்தப் பக்கம் போகிற நேயர்களே, வாடகைக்கு வீடு பார்த்தால் முதலில் கொல்லைக்குப் போய், தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். முன்பணத்தை அப்புறம் கொடுக்கலாம்.