ஒரே அணியில் ஆடலாம்



மைசூர் மைன்சுக்குப் பந்து விளையாட்டு புதிது அல்ல. சுரங்க வேலை முடித்து மேலே வந்தவர்கள் கால்பந்தும் ஆக்கியும் ஆடிய ஊர் இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனாலும் லைன்களில் பிள்ளைகள் பந்து உதைப்பது நிற்கவில்லை.

ஆடுகிற பிள்ளைகளை விடுங்கள். ஆடாத பிள்ளை யார் என்று பாருங்கள். வாசற்படியில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். வயது பதினைந்து இருக்கும். பேச்சு தெளிவாக வராது. எதையும் கற்றுக்கொள்ள நாள் ஆகும். பந்து வெளியே உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பான். அவனுக்குக் கிடைக்கும் ஆட்டம் அவ்வளவுதான். சில வீடுகளில் அப்படிப்பட்ட பிள்ளை வாசலுக்கே வருவதில்லை.

இதற்கு அறிவுத்திறன் குறைபாடு என்று பெயர். இது பைத்தியம் அல்ல. மனநோய் எந்த வயதிலும் வரலாம். அதற்கு மருந்து உண்டு. இது பிறவியிலோ சிறு வயதிலோ வருவது. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டினால் வரலாம். மூளைக்காய்ச்சலால் வரலாம். கர்ப்பிணிக்கு அயோடின் சத்து மிகவும் குறைந்தாலும் வரலாம். பாவமும் காரணம் அல்ல, தாயும் காரணம் அல்ல. மாத்திரையால் இது மாறாது. ஆனால் பொறுமையாகப் பழக்கினால் இவர்கள் நிறையக் கற்றுக்கொள்வார்கள்.

ஏழை வீட்டில்தான் இப்படி மறைத்து வைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கும் இந்தக் குறைபாடு இருந்தது. பல வருடம் அந்தக் குடும்பம் அதை வெளியே சொல்லவில்லை. இன்னொரு தங்கை யூனிஸ். அவர் 1962-இல் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினார். அந்த முயற்சி வளர்ந்தது. 1968 ஜூலையில் சிகாகோ நகரில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத். இங்கே சுரங்கம் மூடிய அதே 2001-இல் அது பதிவானது. 2023 ஜூனில் ஜெர்மனியில் பெர்லின் நகரில் உலகப் போட்டி நடந்தது. அங்கே நம் நாட்டு வீரர்கள் 202 பதக்கம் வாங்கினார்கள். அதில் 76 தங்கம். வாசற்படியில் உட்கார வைத்த பிள்ளைகள் வாங்கிய தங்கம் அது!

இதில் ஒரு வகை, கலந்து ஆடும் ஆட்டம். குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடுவார்கள். ஐந்து பேர் கால்பந்து என்றால் மூன்று பேர் குறைபாடு உள்ளவர்கள். மற்ற இரண்டு பேர் கூட்டாளிகள். பதினோரு பேர் ஆட்டத்தில் ஆறும் ஐந்தும். வயதும் திறமையும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஊரிலேயே நன்றாக ஆடுகிறவனைக் கூட்டாளியாகப் போட்டால் என்ன ஆகும்? பந்து அவன் காலிலேயே இருக்கும். மற்றவர்கள் மறுபடியும் வேடிக்கை பார்ப்பார்கள்.

இரக்கப்படுகிறவரும் ஆட்டத்தைக் கெடுப்பார். "பாவம், ஒரு கோல் போடட்டும்" என்று பந்தை விட்டுவிடுவார். அந்தப் பிள்ளைக்கு அது புரியாது என்று நினைப்பு. நன்றாகவே புரியும்! விட்டுக்கொடுக்காமல் ஆடுங்கள். தோற்றால் தோற்கட்டும். மற்ற பிள்ளைகளும் தோற்கிறார்களே.

பழக்கும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வாயால் சொல்வதோடு செய்தும் காட்டுங்கள். கத்தாதீர்கள். தினமும் அதே இடம், அதே நேரம் இருந்தால் சீக்கிரம் பழகும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பு உறுதியாக இருக்காது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பந்தைத் தலையால் முட்ட விடக் கூடாது. வலிப்பு உள்ளவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எட்டு வயது ஆனவர்கள் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டியில் ஆடலாம். மேல் வயதுக்கு வரம்பு இல்லை. வீரர்களிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டில் இடம் உண்டு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய்க்கு இரவில் ஒரு கவலை வரும். "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" பந்து அதற்கு முழுப் பதில் அல்ல. ஆனால் ஒன்றாக ஆடிய நாலு பையன்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தெருவில் கல் எறிந்தால் தடுப்பார்கள். அவனைக் காணவில்லை என்றால் தேடி வருவார்கள்.

இங்கே கூட்டாளியாக ஆடக்கூடிய வாலிபர்கள் பலர் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் வீடு திரும்ப இரவாகிவிடும். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோது. ஆகவே தாய்மார்களே, ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, செருப்பு மாட்டி, மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள். முதல் நாள் ஓடாமல் கோட்டுக்கு வெளியே நின்றாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறும் கூட்டி வாருங்கள்.