இரத்தப் புற்றும் குலத்தின் பழியும்



சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, தன் மகனுக்கு நாள்பட்ட இரத்தப் புற்று என்று தெரிந்ததும், பேத்திக்கு நிச்சயித்திருந்த கலியாணம் நின்று போயிற்று என்றார். "அது அந்தக் குடும்பத்து இரத்தம்" என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டார். இது மெய்யா என்று பார்ப்போம்.

மனிதனுடைய அணுக்கருவில் குரோமோசோம்கள் என்னும் இழைகள் 46 உண்டு. 1956-ல் தான் இது நிச்சயமாயிற்று. அதுவரை 30 வருஷத்துக்கு மேலாகப் பண்டிதர்கள் 48 என்றே சொல்லி வந்தார்கள். எண்ணிப் பார்த்தவர்களுங்கூட 48 என்று கேட்ட காதோடேயே எண்ணினார்கள்!

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து நோவெல் என்பவர், இரத்தப் புற்று அணுக்களைக் குழாய்த் தண்ணீரால் கழுவினார். தண்ணீர் குடித்த அணுக்கள் ஊதின. உள்ளேயிருந்த இழைகள் விலகித் தெரிந்தன. தீர்த்தமுமல்ல, மந்திரித்த ஜலமுமல்ல, வெறும் குழாய்த் தண்ணீர்! 1960-ல் அவரும் ஹங்கர்போர்டு என்பவரும், இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாயிருப்பதைக் கண்டார்கள். 1973-ல் சிகாகோவிலிருந்த ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், சாயமேற்றி எடுத்த படங்களைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கத்தரித்து வரிசைப்படுத்தி, 9-வதின் துண்டு 22-க்கும், 22-வதின் துண்டு 9-க்கும் இடம் மாறியிருப்பதைக் காட்டினார். அந்த மாறாட்டத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு ஜீன்கள்தான் "பெருகு, பெருகு" என்று ஓயாமல் உத்தரவு போடுகின்றன.

இன்றும் இடுப்பெலும்பின் மச்சையை எடுத்து, பிரியும் அணுக்களை மருந்தால் நடுவில் நிறுத்தி, ஊதவைத்து, சாயமேற்றித்தான் பார்க்கிறார்கள். ஒளிரும் சாயத்தால் அந்த ஒட்டை மட்டும் தேடிப் பிடிக்கும் முறையும் இருக்கிறது.

இனிப் பெரியவரின் கேள்வி. இந்த மாறாட்டம் தாய் தகப்பன் கொடுத்ததல்ல. பிறந்த பிறகு மச்சையில் ஓர் அணுவில் நேர்ந்தது. அதன் வழிவந்த அணுக்களில் மட்டும் இருப்பது. பிள்ளைகளுக்குப் போகாது. குடும்ப வழியாக வரும் இரத்தப் புற்றுகள் சில உண்டு என்பதை மறைக்கவில்லை. அவை சொற்பம், இது அதில் சேர்ந்ததல்ல.

மேலும், அந்த உத்தரவை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பு சில வருஷங்களில் மாண்டவர்களைப் போன்றவர்கள், இன்று அதை உண்டு பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கிறார்கள். உடம்பு தேறிவிட்டதென்று வைத்தியரைக் கேளாமல் நிறுத்தினால்தான் ஆபத்து.

"இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் போய்ச் சொல்லுவது?" என்று பெரியவர் கேட்டார். நாமே வருகிறோம் என்றிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை புறப்படுகிறோம். வரக்கூடிய தோழர்கள் வரலாம்.