இடைவெளியும் இல்லறமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இல்லறத்தில் ஒருவர் சில நாள் தனித்திருக்க விரும்பினால், மற்றவர் மனம் நோகாமல் அதைக் கைப்பேசிச் செய்தியிலே எவ்வாறு கேட்பது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். மேடைக்கு ஏற்ற பொருளா என்று சிலர் நினைக்கலாம். கணவர் திருப்பதியிலும் மனைவி சித்தூரிலுமாக வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பேச்சில் பாதி வாட்சப்பிலேயே நடக்கிறது. ஆகவே இது நம் வீட்டுப் பொருளே.

தமிழர்க்கு இது புதிதும் அன்று. அகப்பொருள் இலக்கணம் ஊடலை மருதத்திணைக்கு உரித்தாக்கிற்று. ஊடல் தணிக்கத் தோழி, பாணன் முதலிய வாயில்களையும் வகுத்தது. வள்ளுவர் தம் நூலின் கடைசி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே ஒதுக்கினார். உணவில் உப்பைப் போல அஃது அளவோடு இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

அக்கால வாயில்கள் முகம் பார்த்துப் பேசினர். இன்றைய வாயிலுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. 1992 டிசம்பர் 3-இல் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பெற்றது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகளும் தமிழில் 70 குறிகளுமே ஒரு குறுஞ்செய்தியில் அடங்கும். சொல்லுக்குச் சொல் காசு வாங்கிய தந்தி 2013 ஜூலையில் நம் நாட்டில் நின்றுபோயிற்று. வாட்சப்பில் அத்தகைய நெருக்கடி இல்லை. ஆயினும் நாம் இன்னும் தந்திதான் அடிக்கிறோம்! "என்னைத் தனியே விடு" என்று ஒருவர் களைப்பினால் எழுதுகிறார். மற்றவர் அதை வெறுப்பு என்று படிக்கிறார். 2014-இல் வந்த நீலக் குறியோ, "படித்தும் பதில் இல்லையே" என்ற வேதனையையும் கூட்டிவிட்டது.

நாம் ரயில்வேயில் பேனா பிடிப்பவர்கள். ஆகவே அங்கிருந்தே ஓர் உவமை சொல்லுகிறோம். 'அப்சல்யூட் பிளாக்' முறையில், இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு தடத்தில் ஒரு சமயம் ஒரே வண்டிதான் செல்லலாம். வண்டியை விடுமுன் நிலைய அதிகாரி அடுத்த நிலையத்தாரிடம் 'லைன் கிளியர்' கேட்கிறார். பல நிற விளக்கு சிக்னல் உள்ள இடத்தில், முதல் நிறுத்த சிக்னலுக்கு அப்பாலும் 180 மீட்டர் தடம் ஒழிவாக இருந்தால்தான் அவர் அனுமதி தருவார். வண்டி முழுவதும் வந்து சேர்ந்ததும் அச்செய்தியைத் திருப்பிச் சொல்லுவார். அந்த இடைவெளி பகையினால் வந்ததா? இல்லை, மோதாதிருக்க வந்தது. சொல்லாமல் கருவியை மூடிவிட்டு உட்கார்ந்தால் போக்குவரத்தே நின்றுவிடும்.

இல்லறத்திலும் அவ்வாறே. கேட்பவர் நான்கு செய்திகளைச் சொல்லவேண்டும்: தம் நிலை, கோபம் இன்மை, கால எல்லை, அவசரத்திற்கு வழி. சான்றாக ஒரு மனைவி இப்படி எழுதலாம்:

"வேலையிலும் வீட்டிலும் மனம் களைத்துவிட்டது. உங்கள்மேல் கோபம் இல்லை. இரண்டு நாள் அமைதியாக இருக்க விரும்புகிறேன். ஞாயிறு மாலை நானே கூப்பிடுகிறேன். குழந்தைக்கு ஏதேனும் என்றால் உடனே அழையுங்கள்."

"சரி அம்மா, ஓய்வெடு. ஞாயிறு பேசுவோம்" என்று கணவர் எழுதினால் போதும். அதன்பின் பத்து முறை அழைப்பதும், மாமியாரைத் தூது விடுவதும், குடும்பக் குழுவில் பஞ்சாயத்து வைப்பதும் தகா. கேட்டவரும் ஞாயிறு மாலை தவறாமல் அழைக்கவேண்டும். தவணை தவறினால் அடுத்த முறை கேட்கும் சொல்லுக்கு மதிப்பிராது. நள்ளிரவில், சினத்தின் உச்சியில் எதையும் அனுப்பலாகாது. பிரிவு போன்ற பெரிய முடிவுகளை நேரில் பேசுவதே முறை.

ஒன்றை மறவாதீர்கள். அடிக்கும் அச்சுறுத்தலுக்கும் அஞ்சித் தனித்திருக்க விரும்பும் பெண், நயமான சொல் தேடவேண்டியதில்லை. 181 என்னும் பெண்கள் உதவி எண் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உண்டு.

அன்பர்களே! ஒரே மாவட்டத்தில் இருந்த சித்தூரும் திருப்பதியும் 2022 ஏப்ரல் 4 முதல் இரு மாவட்டத் தலைநகரங்கள். ஆயினும் பாகாலா வழியே வண்டி ஓடுகிறது. கொள்வினை கொடுப்பினையும் நிற்கவில்லை. எல்லை வந்ததனால் உறவு அறுந்துவிடவில்லை. வழியை மூடினால்தான் அறும். இடைவெளியை அன்போடு கேளுங்கள். கேட்டால் அன்போடு கொடுங்கள்.