கையொப்பம் கேட்டு நடந்தவர்கள்



இன்று பட்டம் பெறும் உங்களில், எழுத வேண்டும் என்ற ஆசையோடு தமிழ் இலக்கியமும் இதழியலும் படிக்க வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். அவர்களிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எழுதுவது உயர்ந்தது, எழுதியதை விற்பது தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தன் புத்தகத்தைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல எழுத்தாளர் கூசுகிறார். அந்தக் கூச்சத்தைப் பண்பு என்று நாமும் மெச்சுகிறோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நம் இலக்கியத்தைக் கரையானிடமிருந்து மீட்டுக் கொடுத்த உ.வே.சாமிநாதையர் இப்படிக் கூசியிருந்தால் இந்தப் பட்டத்துக்குப் பாடநூலே இருந்திருக்காது.

சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புதான் அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், அவற்றுக்கு நச்சினார்க்கினியர் உரை. ஓர் ஓலை ஏட்டில் இருப்பது இன்னோர் ஏட்டில் இல்லை. கல்லூரி வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, மேற்கோள் எந்த நூலிலிருந்து வந்தது என்று தேடித்தேடி அந்த வேலையை நடத்தினார். உந்துதல் வரும்போது மட்டும் உட்கார்ந்து செய்கிற வேலையா இது? அன்றாடம் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டால்தான் முடியும்.

நூலைச் செப்பம் செய்தாயிற்று. அச்சிடப் பணம் வேண்டுமே! ஆசிரியர் சம்பளத்தில் காகிதம் வாங்கக் கட்டுபடியாகுமா? அவர் கையொப்பம் சேர்க்கக் கிளம்பினார். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று தமிழில் பற்றுள்ளவர்களிடமும் வசதியுள்ளவர்களிடமும் முன்கூட்டியே எழுதி வாங்கினார். விடுமுறை விட்டால் சென்னை அச்சுக்கூடத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தார். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இந்த ஆண்டுகளை வரிசையாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒரு மனிதரின் பழக்கம் அதில் தெரியும்.

அந்தக் கையொப்ப அலைச்சல் பணத்தோடு நின்றுவிடவில்லை என்று நான் நினைக்கிறேன். புலவர் அல்லாத ஒருவரிடம் போய் நின்று, இந்த நூல் உங்களுக்கு ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் பதிப்புகளைத் திறந்தால் நூலாசிரியர் வரலாறு இருக்கும், கதைச் சுருக்கம் இருக்கும், அரும்பதங்களுக்கு அகராதி இருக்கும். படிக்கப்போகிறவரின் முகம் கண்ணில் நிற்காத ஒருவர் இவ்வளவு மெனக்கெடமாட்டார். சந்தை என்ற சொல்லை நான் இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன்: வாசகர் எங்கே இருக்கிறார், எதில் தடுக்கி நிற்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பது.

பாரதியாரும் இதைச் சிந்தித்தவர். கடையத்தில் இருந்தபோது, 1920இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, கடனுதவி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு தம் நூல்கள் விலைபோகும் என்று நம்பினார். எழுத்தறிந்தவர்களே குறைவாக இருந்த நாட்டில் அப்படி நம்ப எத்தனை துணிவு வேண்டும்! பணம் சேரவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். அவர் கணக்கு தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. பின்னர் பாடல்கள் பொதுவுடைமையானதும் மலிவுப் பதிப்புகள் ஊர் ஊராகப் போயின. வாசகரை அவர் சரியாகத்தான் கண்டிருந்தார். கைகொடுக்கத்தான் ஆளில்லை. அவருடைய அந்தச் சுற்றறிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

இங்கே பட்டம் வாங்கும் பெண்களுக்கு வை.மு.கோதைநாயகி அம்மாளை நினைவூட்டுகிறேன். பள்ளிக்குப் போகாதவர், சிறுவயதிலேயே மணமானவர். முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். தம் நாவல்களைத் தம் இதழிலேயே தொடராக வெளியிட்டு, பிறகு நூலாக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள்! விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோதும் அங்கே எழுதினார். மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டும் என்ற கட்டாயமே அவருக்குப் பயிற்சிப் பட்டறையாக இருந்தது.

உங்களுக்கு இதழ் நடத்தும் சுமை வேண்டியதில்லை. ஆனால் எழுதுவதற்கென்று ஒரு வேளையை இப்போதே ஒதுக்குங்கள். வேலை கிடைத்த பிறகு ஒதுக்கலாம் என்றால் வேலை அதைத் தின்றுவிடும். காலையா, ராத்திரியா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. எழுதி முடித்ததும் பின்னட்டைக் குறிப்பை நீங்களே எழுதிப் பாருங்கள். ஆறு வரியில் உங்கள் நூலைச் சொல்ல வரவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் நூலுக்குள் இருக்கும். ஊர் நூலகரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் கண்காட்சியில் உங்கள் பதிப்பாளர் கடையில் ஒரு நாள் முழுக்க நின்று, வருகிறவர்கள் எந்தப் புத்தகத்தை எடுக்கிறார்கள், எந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். வாசகர் கடிதம் போட்டால் பதில் எழுதுங்கள். ஆனால் எழுதும் வேளையில் எத்தனை பிரதி போயிற்று என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த எண்ணிக்கை அடுத்த வாக்கியத்தின் கையைப் பிடித்து இழுக்கும்.

பதிப்பாளரிடம் ஒப்பந்தம் இல்லாமல் கைப்பிரதியைக் கொடுக்காதீர்கள். ராயல்டி எவ்வளவு, எப்போது கணக்கு வரும், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா உரிமைகள் யாரிடம் இருக்கும் என்று ஒவ்வொரு வரியையும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இதைக் கேட்பதால் எந்த நல்ல பதிப்பாளரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார். உங்கள் புத்தகம் வெளிவந்தால் எனக்கும் சொல்லுங்கள். இலவசப் பிரதி வேண்டாம், விலை கொடுத்தே வாங்கிப் படிக்கிறேன்.