எடை குறைக்கும் ஊசி: அறிந்து பயன்படுத்துவோம்

ஜொகூர் மாநிலத் தோட்டப் பாட்டாளிப் பெருமக்களே,

2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். ஆதலின் எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றித் தெளிவு பெறுதல் நம் கடமையாகும்.

லிராகுளுடைடு நாள்தோறும் போடப்படுவது; செமாகுளுடைடும் டிர்செப்படைடும் வாரம் ஒருமுறை போடப்படுபவை. நீரிழிவு இல்லாதோரிடம் நடத்தப்பெற்று 2025இல் வெளிவந்த ஆய்வொன்றில், 72 வாரங்களில் செமாகுளுடைடு சராசரியாக 13.7 விழுக்காடும், டிர்செப்படைடு 20.2 விழுக்காடும் எடையைக் குறைத்தன.

இவை பசியை அடக்கி, இரைப்பையில் உணவு நெடுநேரம் தங்கச் செய்கின்றன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை தோன்றக்கூடும். எனவே சிறிய அளவில் தொடங்கி, மருத்துவர் சொற்படியே அளவைக் கூட்ட வேண்டும். சிறிது சிறிதாக உண்ணுங்கள். எண்ணெய்ப் பலகாரங்களைக் குறையுங்கள். வியர்வை சிந்திப் பால்மரம் சீவுவோர், பசியில்லை என்று தண்ணீரையும் மறத்தலாகாது.

இன்சுலின் போடுவோர்க்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்து, கையில் கத்தியுடன் மயங்கி விழும் ஆபத்து உண்டு. அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். கருவுற்ற தாய்மார்கள் இவற்றைத் தவிர்த்தல் வேண்டும். கடும் வயிற்றுவலி விடாது நீடித்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

‘மால்’ பதிவெண் இல்லாத மருந்தை மலிவென்று வாங்காதீர்கள். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். அளவறிந்து உண்ணும் பழக்கமே நிலைத்த துணையாகும்.