கடை திறந்திருக்கட்டும், உழைப்பவர் உறங்கட்டும்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

‘பணியிடத்தில் ஊழியர் நலம்’ என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களும், அங்குள்ள உடற்பயிற்சி அறைகளும், ஆண்டுக்கொரு முறை நடக்கும் குடும்ப நாளும் நினைவுக்கு வரும். நான் அங்கே போகப் போவதில்லை. நம்மில் பலர் உணவகம், மளிகைக் கடை, துணிக்கடை, நாணய மாற்றுக் கடை என்று சொந்தத் தொழில் செய்கிறவர்கள். நம் கடைகளும் பணியிடங்கள்தாம். அங்கே வேலை செய்கிறவர்களும் ஊழியர்கள்தாம். ஆகவே நம் கடைகளைப் பற்றி, அதிலும் குறிப்பாக உணவகங்களைப் பற்றிப் பேசுகிறேன். ஓரிரண்டு வார்த்தை கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தொழில் தோளில் பிறந்தது. ‘கண்டார்’ என்றால் சுமையை இரு முனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் தாங்கும் தடி. பினாங்கில் சோற்றையும் கறியையும் அப்படிச் சுமந்து விற்ற நம் முன்னோரால்தான் ‘நாசி கண்டார்’ என்ற பெயரே வந்தது. ரஜூலா கப்பலில் வந்திறங்கிய சபராளிகள் கடையிலேயே சமைத்து, கடையிலேயே படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். இன்று தடி இல்லை. குளிரூட்டப்பட்ட கடைகள் வந்துவிட்டன. ஆனால் சுமை இறங்கிவிட்டதா? தோள் மாறியிருக்கிறதா? அதைத்தான் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் கடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வார்த்தை, ‘அவன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்பது. நல்ல வார்த்தை. மனத்தில் இருந்துதான் வருகிறது. பக்கத்து ஊர்க்காரர், ஒரே மொழி, ஒரே பள்ளியில் தொழுகை. ஆனால் இந்த வார்த்தைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம்மை ‘மாமா’ என்றும் ‘பாய்’ என்றும் அழைக்கிறவர் நம்மிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவார். ‘உடம்பு முடியவில்லை’ என்று சொல்லத் தயங்குவார். ‘இந்த வாரம் எனக்கு ஓய்வு நாள் வரவில்லையே’ என்று கேட்டால் நன்றி கெட்டவன் என்று நினைப்பார்களோ என அஞ்சுவார். உறவுச் சொல் கேட்கும் வாயைக் கட்டிவிடும். அதனால், பிள்ளை மாதிரி என்று சொல்கிறவருக்குப் பொறுப்பு கூடுகிறது. அவர் கேட்காமலே நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. கல்லாவில் கணக்குப் பார்க்கிறவர்கள் நாம், இதையும் பார்ப்போம். ஒருவர் இடைவேளை நீங்கலாக நாளுக்கு 12 மணி நேரம், வாரம் 6 நாள் வேலை செய்தால் 72 மணி நேரம் ஆகிறது. 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. மேலதிக நேரத்துக்கும் வரம்பு இருக்கிறது: மாதத்துக்கு 104 மணி. அதாவது வாரத்துக்குச் சுமார் 24 மணி. நாற்பத்தைந்தும் இருபத்து நான்கும் 69. மேலதிக நேரத்துக்கு முழுச் சம்பளம் கொடுத்தாலும் 72 மணி நேரம் சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஏழு நாளும் வேலை என்றால் 84. அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது வெறும் சட்டக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று அது கூறியது. இந்த எண்ணிக்கை ஊழியருக்கு மட்டும் உரியதா? விடியற்காலையில் சந்தைக்குப் போய், நள்ளிரவுக்குப் பின் கல்லாவை மூடும் முதலாளிக்கும் இதே உடம்புதான். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023 ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. நேரம் தவறிச் சாப்பிட்டு, இனிப்புத் தேநீரைக் குடித்துத் தூக்கத்தைத் தள்ளிப்போடும் நம் தொழிலில் அந்த ஒருவர் யார் என்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

24 மணி நேரமும் திறந்திருக்கும் கடை நமக்கு ஒரு பெருமை. தவறில்லை. கடைக்குத் தூக்கம் வேண்டாம், மனிதனுக்கு வேண்டும். இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் படுத்தால் தூக்கம் குறைவாகவும் மேலோட்டமாகவும்தான் வரும். வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தால் அதுவும் கெடும். காலை ஷிப்ட்காரர் எழுந்து புழங்கும் அதே அறையில் இரவு ஷிப்ட்காரர் எப்படித் தூங்குவார்? இரவு வேலை பார்ப்பவர்களுக்குத் தனி அறை, சன்னலுக்குத் தடித்த திரை. செலவு அதிகமில்லை, பலன் அதிகம். ஷிப்ட் மாற்றும்போது காலையிலிருந்து மாலை, மாலையிலிருந்து இரவு என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். இன்று இரவு, நாளை காலை என்று தாறுமாறாக மாற்றினால் பழகாது. தங்குமிடத்துக்கும் சட்டம் உண்டு. 1990 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆளுக்கொரு கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி ஆகியவை அதில் அடக்கம். வீட்டை விட்டு வந்தவருக்கு இந்த நாட்டில் ‘என்னுடையது’ என்று சொல்ல அந்த ஓர் அலமாரிதான் இருக்கிறது.

அடுத்து அடுப்படிக்கு வருவோம். எண்ணெய்ச் சட்டி, ஈரத் தரை, ரொட்டிக் கல்லின் அனல் இவை எல்லாம் நாம் அறிந்தவை. தீக்காயம் பட்டால் பற்பசை தடவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது கூடாது. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டுக் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பெர்கேசோவின் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு. நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இடையிடையே உட்கார ஒரு முக்காலி போடுங்கள். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கும் முன் அரை மணி நேர ஓய்வு கொடுப்பது சட்டம். இரண்டாண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்குக்கூட ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு.

உடம்பைச் சொன்னேன். மனத்துக்கும் ஒரு வார்த்தை. ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்து வந்தவர்கள் பலர். அந்தக் கடன்தான் அவர்கள் தலையணைக்கு அடியில் இருக்கும் கல். சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனால் நமக்கு அது சில்லறை விஷயம். அவர் வீட்டில் அது வட்டி. உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை எத்தனையோ ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். சட்டமும் சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. அதோடு, கடவுச்சீட்டு அவருடையது. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று நாம் வாங்கி வைப்பது 1966 ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி நம்மையே குற்றவாளியாக்கும். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வரும் இரவில், தன் கடவுச்சீட்டு தன் பெட்டியில் இருக்கிறது என்பதே ஒரு நிம்மதி.

ரமலானை நினைத்துப் பாருங்கள். நோன்பு திறக்கும் நேரம் நமக்கு வியாபார உச்சம். எல்லாருக்கும் கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து வைக்கிறவர், தாம் மட்டும் ஒரு பழத்தை நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கி ஓடுகிறார். பாங்கு சொன்னதும் முதல் பத்து நிமிடம் பாதிப் பேர், அடுத்த பத்து நிமிடம் மீதிப் பேர் உட்கார்ந்து நோன்பு திறக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் முதலாளியே இரண்டு மேசைக்குப் பரிமாறட்டும். நம் பொறுப்பில் இருப்பவர்கள் மீது தாங்க முடியாத வேலையைச் சுமத்த வேண்டாம், சுமத்தினால் நாமும் கை கொடுக்க வேண்டும் என்பதுதானே நமக்குக் கிடைத்த போதனை. நபியவர்களுக்குப் பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் ஒரு கடுஞ்சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்று நினைவுகூர்ந்தார்கள். அந்த வீடு நமக்கு முன்மாதிரி என்றால், நம் அடுப்படியில் கேட்கும் சத்தத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் கணினி நிறுவனங்களிலும் வேலை பார்க்கிறீர்கள். 98 நாள் மகப்பேறு விடுப்பு, தந்தைக்கு ஏழு நாள் விடுப்பு, வேலை நேரத்தை வசதிக்கேற்ப மாற்றக் கோரும் உரிமை இவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். நாற்காலி சரியில்லை, முதுகு வலிக்கிறது என்றால் உடனே நிர்வாகத்துக்கு எழுதுகிறீர்கள். எழுத வேண்டியதுதான். அதே அறிவை அத்தாவின் கடைக்கும் கொண்டு வாருங்கள். ஒரே வீட்டில் மகளுக்கு ஓர் அளவுகோல், கடை ஊழியருக்கு வேறோர் அளவுகோல் இருக்கக் கூடாது. ஷிப்ட் அட்டவணையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பது எல்லார் கண்ணிலும் படட்டும். அத்தாவின் பெயரையும் அந்த அட்டவணையில் சேருங்கள். அவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். கடை வேண்டாம் என்று நம் பிள்ளைகள் விலகிப்போவதற்கு ஒரு காரணம், அந்தக் கடை தங்கள் தகப்பனை வீட்டுக்கு அனுப்பாததுதான்.

நிறைவாகச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். நம்மைப் போன்ற சங்கங்கள் தொடக்க காலத்தில் ஏற்ற முக்கியப் பணிகளில் ஒன்று ஜனாஸா உதவி. நாதியற்று ஒருவரும் அடக்கப்படக் கூடாது என்று நினைத்தார்கள் நம் பெரியவர்கள். இறந்தவருக்காக அப்படி நினைத்த சமுதாயம், இருப்பவருக்காகவும் நினைக்க வேண்டும். முதலாவது, ஆண்டுக்கு இருமுறை சங்கக் கட்டடத்தில் கடை ஊழியர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம்; இரவு ஷிப்ட்காரர்களும் வரக்கூடிய நேரத்தில் அது நடக்க வேண்டும். இரண்டாவது, பெற்றோர் இறப்புச் செய்தி வந்தால் விமானச் சீட்டுக்குத் தவிக்காதபடி வட்டியில்லாக் கடன் தரும் ஒரு சிறு நிதி. மூன்றாவது, முதலாளியிடம் சொல்ல முடியாததைத் தமிழில் மனம்விட்டுச் சொல்ல, மாதம் ஒரு மாலை நம் பெரியவர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் அமர்ந்து கேட்கும் ஏற்பாடு. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகும் என்பீர்கள். ஆகும். ஆனால் ஓர் ஊழியர் நோயோடு ஊர் திரும்பி, புதியவரை வரவழைத்து, பெர்மிட் எடுத்து, லெவி கட்டி, ரொட்டி வீசவும் தே தாரிக் ஆற்றவும் பழக்கும் செலவு எவ்வளவு என்பதையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள். கல்லாக் கணக்கு இங்கே முடிந்துவிடும். மறுமையில் கேட்கப்படும் கணக்கில், நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட உடம்புகளும் உண்டு.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தொழிலிலும், நமக்காக உழைப்பவர்களின் உடல்நலத்திலும் உறக்கத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.